இடது முன் சில்லு

லொறியை ஜக்கில் தூக்கி, இடது முன் சில்லைக் கழற்றி, ஹப்பை வெளியே இழுத்தார் பதியுதீன். உள்ளேயிருந்த பெயாரிங் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. உடைந்த உருளைகள் கிறீஸோடு கையில் வந்தன.

"அண்ணே, இது மௌத்தாகி எவ்வளவு காலம்? இத வெச்சிட்டா ஓடினீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். லொறிக்காரர் இராஜநாயகத்தின் மனைவி நேசமலர் இறந்து, அந்தியேட்டி முடிந்து அதிக நாள் ஆகவில்லை.

"ஹப்போட சேர்த்தே மாத்துங்கோ நானா. பின்னேரம் வெள்ளவத்தைக்குச் சாமான் ஏத்தவேணும்."

இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. கொட்டாஞ்சேனையில் பதியுதீன் கராஜ் திறந்த காலத்திலிருந்து ஒருவர் அண்ணே என்பார், மற்றவர் நானா என்பார்.

"மாத்தலாம். ஆனா ஒண்டு செல்லுங்க. இது சும்மா போகல்ல, கத்திக் கத்தித்தான் போயிருக்கு. உங்களுக்குக் கேக்கல்லியா?"

இராஜநாயகம் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டுச் சத்தத்தில விளங்கேல்ல."

"ஓ, வெள்ளவத்த காலி வீதி எண்டா கல்யாண வீட்டுச் சத்தம்தானே."

பதியுதீன் சிரித்துக்கொண்டு ஹப் வாங்க பஞ்சிகாவத்தைக்குக் கிளம்பினார்.

இராஜநாயகத்துக்கு இடது காது இளமையிலேயே போய்விட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது நேசமலருக்கு மட்டும் தெரியும். அதனால்தான் அவள் லொறியில் ஏறினாள். இடது சீட்டில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்து, அவருக்காகக் கேட்டாள். பின்னால் ஹோர்ன் அடித்தால் தொடையில் ஒரு தட்டு. பொலிஸ் விசில் என்றால் இரண்டு. பெண்சாதியை இறக்கிவிட மனமில்லாத மனுசன் என்று சொந்தக்காரர் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

அவள் போன பிறகு ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று அவர் நினைத்தார்.

லொறியை விட்டால் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் அவளுடைய சேலைகளைத் தங்கைமார் கொண்டுபோய்விட்டார்கள். லொறியில் மெத்தை அப்படியே கிடந்தது. அதன்மேல் அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை.

புது ஹப் ஏறியது. பதியுதீன் சில்லைச் சுற்றவிட்டு நட்டை இறுக்கினார், கொஞ்சம் தளர்த்தினார், மறுபடி சுற்றினார். நட்டு கழலாமல் பின் ஒன்றைப் போட்டு மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"நீங்க வரவேண்டாம் நானா. நான் ஓடிப் பார்க்கிறன்."

"என்ட வேலைய நான் காதால கேக்காம எப்பவாவது தந்திருக்கனா?"

அது அவருடைய வழக்கம். எந்தச் சில்லை மாற்றினாரோ அந்தச் சில்லுக்கு மேலே உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் வண்டியைக் கொடுப்பார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நேசமலர் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கி, பிளேன்டீயோடு கராஜ் வாசலில் நிற்பாள்.

இராஜநாயகம் மெத்தையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பதியுதீன் ஏறி உட்கார்ந்து, வெளியே பார்த்து, திரும்பினார்.

"இந்தக் கண்ணாடிய ஆரண்ணே இப்பிடித் திருப்பினது? எனக்கு ரோட்டெல்லாம் தெரியுது. உங்களுக்கு என்ன தெரியும், கதவா?"

கண்ணாடியைத் திருப்பக் கையை வெளியே நீட்டினார்.

"தொடாதேங்கோ."

கை திரும்பி வந்தது.

"அவங்கட கண்ணாடியா?"

"ஓம்."

லொறி தெருவுக்கு வந்தது. ஸ்டியரிங் நடுங்கவில்லை. கையில் பிழை இல்லை என்று இராஜநாயகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தியில் இடப்பக்கம் திருப்பினார்.

பதியுதீன் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார். இராஜநாயகம் பிரேக்கை மிதித்தார். லொறி குலுங்கி நின்றது. இடப்பக்கக் கதவோடு ஒட்டினாற்போல் ஒரு த்ரீவீல் நின்றது. பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் இறங்கி நின்று ஏசினான். வாய் திறந்து மூடியதுதான் இராஜநாயகத்துக்குத் தெரிந்தது. பதியுதீன் தலையை வெளியே நீட்டி, கைகூப்பி, சிங்களத்தில் ஏதோ சொல்லி அவனை அனுப்பினார்.

பிறகு திரும்பி இராஜநாயகத்தின் முகத்துக்கு நேரே பேசினார்.

"அண்ணே. நான் கத்தினேன். அவன் ஹோர்ன்ல வெச்ச கைய எடுக்கல்ல."

இராஜநாயகம் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"அவ இருந்தவ."

பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. இராஜநாயகம் மெத்தையை எடுத்துக்கொண்டு இறங்கினார். லொறியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளுங்கோ நானா. நீங்க ஓட்டுங்கோ."

"கராஜுக்கா?"

"ஓம். அங்கேயே நிக்கட்டும். வெள்ளவத்தைக்கு வேற லொறி பிடிக்கச் சொல்லிச் சொல்லுறன்."

பதியுதீன் மறுபக்கம் நகர்ந்தார். இராஜநாயகம் ஏறி, மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார். சொந்த லொறியில் அந்தச் சீட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கொஞ்சம் குனிந்தபோது கண்ணாடியில் தெரு முழுவதும் தெரிந்தது. கடைகள், தாண்டிவந்த சந்தி, நடைபாதையில் ஆட்கள், எல்லாம்.

"சத்தம் ஏதும் இருக்கே நானா?"

பதியுதீன் தலையைத் திருப்பி, வாய் தெரியும்படி சொன்னார். "இல்லண்ணே. பட்டு மாதிரி ஓடுது."

கண்ணாடியில் ஒரு மோட்டார்சைக்கிள் வேகமாக வந்தது. இராஜநாயகம் கையை நீட்டிப் பதியுதீனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பதியுதீன் வேகத்தைக் குறைத்தார்.