குறுக்கே போகாத தண்ணீர்

அந்தமான் கடலின் அடித்தளத்துப் பாறைப் பிளவுகளில் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது வெங்கடேஸ்வரனுக்குத் தெரியும். கரமனை அக்கிரகாரத்தில் தன் வீட்டுக் கூடத்துச் சுவர் ஏன் பதினேழு நாளாக ஈரமாக இருக்கிறது என்பதும் தெரியும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் கடலைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவரும் எதைக் கேட்டாலும் அங்கிருந்துதான் தொடங்குவார். தம்பானூரில் ஆட்டோ ஏறினால் இறங்குவதற்குள் ஓட்டுநருக்குப் பாதிக் கடல் தெரிந்துவிடும். ஒரு கடல்தளம் இன்னொரு நிலத்தட்டின் அடியில் மெல்லச் செருகிக்கொண்டு போகிறது. போகும்போது தன் முதுகில் படிந்த சேற்றையும் சுமந்துகொண்டு போகிறது. மேலே இருக்கிற பாரம் அந்தச் சேற்றை அழுத்திப் பிழிய, முதலில் உப்புத் தண்ணீர் வெளியே வரும். இன்னும் ஆழத்துக்குப் போனால் சூட்டில் களிமண்ணுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த தண்ணீரும் விடுபடும். அதில் உப்பு கிடையாது. ஆகவே கடலடியில் கசியும் தண்ணீரைப் பரிசோதித்தால் அது எங்கிருந்து வந்ததென்று ஊகித்துவிடலாம்.

அது மேலே ஏறி வருவது பிளவுகள் வழியாக. இந்த இடம் வந்தால் வெங்கடேஸ்வரனின் குரல் உயரும். பிளவின் நடுப்பகுதியில் பாறை உரசி உரசி மாவாகி, களிமண்ணாக அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டத் தண்ணீரால் முடியாது. ஆனால் அதன் இரண்டு ஓரத்திலும் பாறை நொறுங்கி இடைவெளி விட்டிருக்கும். அதில் தண்ணீர் சுகமாக ஓடும். “ஒரே பிளவு, தண்ணிக்குச் சுவரும் அதுதான், ரோடும் அதுதான். நெடுக ஓடும், குறுக்கே போகாது!” என்பார். அவருடைய மனைவி கோமதி இந்த வாக்கியம் வந்தால் குக்கரை அணைக்க எழுந்து போய்விடுவாள், அடுப்பில் குக்கர் இல்லாவிட்டாலும்.

இனி சுவர். அக்கிரகாரத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்தான். வெங்கடேஸ்வரனுக்கும் பக்கத்து வீட்டு சீதாலக்ஷ்மி மாமிக்கும் நடுவே நிற்பது நூறு வருஷத்து வெட்டுக்கல் சுவர். அதன் உள்ளே வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு பழைய விரிசல் உண்டு. இரண்டு பக்கமும் சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். வெங்கடேஸ்வரனின் கூடத்தில் அந்தச் சிமெண்டின் மேல்தான் ஈரம் பூத்திருந்தது.

அவர் தான் வேலை பார்க்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து குளோரின் சோதிக்கிற மருந்தைக் கொண்டுவந்தார். குழாய்த் தண்ணீரில் விட்டார், மஞ்சளாயிற்று. சுவர் ஈரத்தைப் பஞ்சில் ஒற்றிப் பிழிந்து அதில் விட்டார், நிறமே வரவில்லை. ஆகவே இது குழாய்த் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர். அந்த வரிசையில் இன்னும் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றுகிறவள் மாமி ஒருத்திதான். அவளுடைய அடுக்களைத் தரைக்கடியில் குழாய் ஒழுகுகிறது.

தெருச் சங்கக் கூட்டத்தில் பதினொரு படங்கள் போட்டு இதை விளக்கினார். நாலாவது படம் வரைக்கும் அந்தமான்தான்.

“வெங்கிடி, அது ஒங்காத்துத் தண்ணியா இருக்கப்டாதோ?” என்று மாமி கேட்டாள்.

“எங்காத்துல பைப்புத் தண்ணி மட்டும்தானே மாமி? குளோரின் இருந்திருக்குமே. தொண்ணூத்தஞ்சு சதவீதம் நிச்சயமாக்கும்.”

மாமியின் பெண் மாளவிகாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிகளை உட்காரவைத்து இலை போடுகிற சுமங்கலிப் பிரார்த்தனை. அந்தச் சமையலை மடியாக, சொந்த அடுக்களையில்தான் செய்ய வேண்டும், மண்டபத்துச் சமையல்காரர் கூடாது. அதற்காகவே போன மாதம் தரைக்குப் புது டைல்ஸ் பதித்திருந்தாள். ஆனால் கல்யாண நேரத்தில் பக்கத்து வீட்டு மனத்தாங்கல் வேண்டாம். வியாழக்கிழமை தரையை உடைத்துக் குழாயை மாற்ற ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை உளியும் சுத்தியலுமாக பிளம்பர் பேச்சிமுத்து வந்தான். அம்பாசமுத்திரத்துக்காரன், கரமனையில் அவன் கை படாத குழாய் குறைவு. வெங்கடேஸ்வரனும் மேற்பார்வைக்குப் போய் நின்றார்.

“அங்கிள், தரை ஒணங்கல்லேன்னா ஞாயித்துக்கெழமை சாம்பாரை உங்க லேப்ல கொதிக்க வெச்சுக்கலாம், அல்லே?” என்றாள் மாளவிகா.

பேச்சிமுத்து மாமியின் பக்கத்துச் சுவரை மேலும் கீழும் தடவினான். “சாமி, இந்தப் பக்கம் பொடியா காஞ்சுல்லா கெடக்கு? இங்கேருந்து ஒங்க பக்கம் தண்ணி தாண்டணும்னா இதுவும் நனைஞ்சிருக்கணுமே.”

வெங்கடேஸ்வரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாராவது கேள்வி கேட்டால் அவருக்கு அப்படித்தான். “அது வேற சங்கதி. விரிசல் நடுவுல நூறு வருஷத்துச் செம்மண் களியா இறுகிக் கெடக்கும். ஓரத்துலதான் கல்லு பொடிஞ்சு இடைவெளி இருக்கும். அதனால தண்ணி நெடுக ஓடுமே தவிர, குறுக்கே...”

அங்கே நின்றுவிட்டார்.

“குறுக்கே?” என்றான் பேச்சிமுத்து.

“இதோ வரேன்,” என்று சொல்லிவிட்டு வெங்கடேஸ்வரன் வேகமாகத் தன் வீட்டுக்குப் போனார்.

நெடுக என்றால் எங்கே? விரிசலின் மறு கோடியில் இருந்தது அவருடைய அடுக்களை. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். அதன் கழிவுநீர்க் குழாய், விரல் மொத்தமுள்ள வெள்ளைக் குழாய், சுவரில் ஒரு பொந்துக்குள் போயிருந்தது.

“கோமதி, இதை யாரு இங்க சொருகினா?”

“மெஷின் மாட்டின ஷிபுதான். வெளியில விடச் சொன்னேன். செவுத்துல ஓட்டை இருக்கேன்னு விட்டுட்டுப் போனான்.”

“எப்போ?”

“இருபது நாளாச்சு. ஏன்னா, நீங்கதானே வாங்கிண்டு வந்தேள்?”

அவர்தான் வாங்கினார். கடைக்காரனுக்கே அது வேலை செய்யும் விதத்தை விளக்கிவிட்டு வாங்கினார்: முதல் அடுக்கில் இருக்கும் கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நல்ல தண்ணீர் ஒரு பக்கம், கழிவுத் தண்ணீர் மறுபக்கம். இரண்டிலும் குளோரின் இருக்காது.

குழாயை வெளியே இழுத்தார். நுனி சொட்டியது.

இப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குழாயைச் சத்தமில்லாமல் தொட்டிக்குள் விட்டுவிட்டால் போதும். பக்கத்து வீட்டில் தரையை உடைப்பார்கள், குழாயை மாற்றுவார்கள். பத்து நாளில் கூடத்துச் சுவர் காய்ந்துவிடும். பதினொரு படமும் சரி என்று ஆகிவிடும். இத்தனை சுத்தமான நிரூபணம் அந்தமானில்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் பேச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. பதினொரு மணிக்கு அவனுக்குப் பழவங்காடியில் வேறு வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் ‘ணங்’கென்று விழுந்தது.

“நிறுத்து! பேச்சிமுத்து, நிறுத்து!”

சொட்டுகிற குழாயைக் கையிலிருந்து விட மறந்து ஓடப் பார்த்தார். குழாய் இழுத்து நிறுத்தியது. பிடுங்கிக்கொண்டு ஓடினார். பின்னால் இயந்திரம் அடுக்களையெங்கும் பீய்ச்சத் தொடங்கியது. கோமதியின் கூச்சல் நெடுகவும் கேட்டது, குறுக்கேயும் கேட்டது.

மாமியின் தரையில் ஒரு டைல்ஸில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. உளி இரண்டாவது அடிக்குத் தயாராக நின்றது. வெங்கடேஸ்வரன் மூச்சிரைக்கக் குழாயை உயர்த்திக் காட்டினார்.

“எங்காத்துத் தண்ணிதான் மாமி.”

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எத்தனை சதவீதம்?”

“நூறு.”

பேச்சிமுத்து உளியைப் பைக்குள் போட்டான். “குறுக்கே போகாதுன்னு சாமிதான சொன்னிய,” என்றான், யாரையும் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை சுமங்கலிப் பிரார்த்தனை குறையில்லாமல் நடந்தது. கோமதியும் சுமங்கலிகளில் ஒருத்தியாக இலையில் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்த பிறகு வெங்கடேஸ்வரன் தயங்கித் தயங்கிப் போய், கீறல் விழுந்த டைல்ஸை மறுநாளே மாற்றிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

“வேண்டாம், இருக்கட்டும்,” என்றாள் மாமி. “சம்பந்தியாத்துக்காரா கேட்டா, இது அந்தமான்லேர்ந்து வந்த விரிசல்னு சொல்லிக்கறேன்.”

“அப்படிச் சொல்லப்டாது மாமி. அந்தமான் விரிசல் இவ்வளவு தூரம் வராது. அது எப்படின்னா...”

மாமி பாயசக் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள். பாயசம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. அதை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவரால் எதையும் விளக்க முடியவில்லை.