ஆள் வேலை செய்கிறார்

இரண்டு வருஷம் கழித்து என் பழைய கம்பெனி டேக்கை மறுபடி கையில் எடுத்தேன். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், மாதா படத்துக்குக் கீழே, இன்டர்நெட் பெட்டி பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து மாடிக்குப் போகிற என் மஞ்சள் ஒயரையும், பெட்டிக்குக் கரண்ட் வருகிற கறுப்பு ஒயரையும் சேர்த்துப் பிடித்து, பெட்டியோடு ஒட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டு, வெட்டாமல் எதையும் பிடுங்க முடியாதபடி இறுக்கினேன். அந்தக் கட்டில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: ஆபத்து. ஆள் வேலை செய்கிறார். இயக்காதே. கீழே என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பெயர் ஜோவிதா, பிரிவு டெஸ்ட் போர்டு.

கம்பெனி கேட்டையே தாண்டாதவர்களுக்கு இது என்னவென்று புரியாது. எங்கள் பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை எந்த பிளான்டுக்குள் நுழைந்தாலும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒருத்தர் மெஷினைத் திறந்து உள்ளே கை விடுகிறார் என்றால், மெயின் சுவிட்சில் தன் பெயரும் முகமும் போட்ட டேக்கை மாட்டிவிட்டுத்தான் விடுவார். மாட்டின ஆள்தான் எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் எடுக்கக்கூடாது, மேனேஜர் எடுக்கக்கூடாது, முதலாளியே வந்து நின்றாலும் கை வைக்கக்கூடாது. மாட்டின ஆள் மறந்துபோய் ஷிப்ட் முடித்து பஸ் ஏறிவிட்டால், போன் போட்டுத் திரும்ப வரவழைப்பார்களே தவிர, லைன் நின்றது நின்றபடியே கிடக்கும். நானும் ஒன்பது வருஷம் ஒயர் ஹார்னஸ் கம்பெனியில் இருந்தவள். காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் பெரிய போர்டில் கட்டுக்கட்டாகக் கோத்து, சோதித்து அனுப்புகிற வேலை. எங்கள் லைனைப் பிரித்து வடக்கே கொண்டுபோனபோது காண்டிராக்ட் ஆட்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து அடையாள அட்டை, ஷூ, கோட்டு, பூட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டேக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷமாக என் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது.

இப்போது ஆபிரகாம் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷனின் அண்ணன். கீழ்வீடு அவருக்கு, மாடி எங்களுக்கு, அடுப்பு ஒன்றுதான். இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகம் செய்கிற பிரஸ் ஷாப் ஒன்றில் சேஃப்டி ஆபீசர். சும்மா வந்த பதவி இல்லை. இருபத்து மூன்று வயதில் ஆபரேட்டராக இருந்தபோது, அவர் கை உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்கப்புறம் படித்துப் பரீட்சை எழுதி, இன்றைக்கு ஆயிரம் பேருக்கு டேக் மாட்டச் சொல்லிக்கொடுக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கையை நீட்டிக்கொண்டு அதே கதையைச் சொல்வார். கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கிற கரண்டியை வைத்துவிட்டுத்தான் கேட்பேன். நல்ல மனுஷன், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இன்டர்நெட் என்று வந்துவிட்டால் அவருக்கு நியாயம் வேறு. கனெக்‌ஷன் அவர் பெயரில். கீழே அவருடைய லேப்டாப், மேலே என்னுடைய பழைய டெஸ்க்டாப். லேப்டாப்புக்கு ஒயர் வேண்டாம், காற்றிலேயே எடுத்துக்கொள்ளும். என் டெஸ்க்டாப்புக்கு அந்த வசதி கிடையாது, ஒயர் போட்டால்தான் உயிர். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் மாடிக்கெல்லாம் ஒயர் இழுக்க முடியாது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். நானே படிக்கட்டுச் சுவரில் ஓட்டை போட்டேன். நானே ஒயரை இழுத்தேன். எட்டு கலரையும் வரிசை பார்த்து, முனையில் பின்னை நானே அழுத்தினேன். நாற்பத்திரண்டு ஒயரைக் கண்ணை மூடிக்கொண்டு கோத்தவளுக்கு எட்டு ஒயர் எந்த மூலைக்கு?

அன்றிலிருந்து வீட்டில் நெட் எதற்காக நின்றாலும் பழி என் டெஸ்க்டாப் மேல்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் லேப்டாப்பை வைத்திருப்பது உள்ரூமில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். அங்கே சிக்னல் எப்படி வரும்? ஹாலில் வந்து உட்காருங்கள் மாமா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே. மீட்டிங் நடுவில் படம் திக்கினால் நேராக வருவார், மஞ்சள் ஒயரைப் பிடுங்குவார், போய்விடுவார். கேட்டால், இது ஆபீஸ் வேலை, நீ அப்புறம் பார்த்துக்கொள் என்பார். தனியாக ஒரு கனெக்‌ஷன் வாங்கிக்கொள்கிறோம் என்று என் புருஷன் ஜெபர்சன் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். ஒரே வீட்டுக்கு இரண்டு லைன் போட்டால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்றுதானே ஊர் பேசும், நாளைக்கு இரண்டு அடுப்பு வைப்பீர்களா என்று அண்ணன் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஜெபர்சன் அண்ணன் வளர்த்த தம்பி. அண்ணன் எதிரில் அவருக்குப் பேச்சு வராது.

வேலை போனதிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. கார் ஒயரிங் படங்களை கம்ப்யூட்டரில் சரிபார்க்கப் படித்தேன். எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்ய ஆள் எடுத்தது. இரண்டு மணி நேரப் பரீட்சை. கேமரா முன்னால் உட்கார வேண்டும், எழுந்திருக்கக்கூடாது. ஒயர் லைனில்தான் எழுத வேண்டும், போன் நெட் செல்லாது. லைன் இரண்டு நிமிஷம் அறுந்தால் பரீட்சை ரத்து. மொத்தம் இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பு நாலு மாசத்துக்கு முன்னால். வியாழக்கிழமை மாமாவிடம் சொன்னேன், வெள்ளிக்கிழமை சொன்னேன், அன்று காலை காப்பி கொடுக்கும்போதும் சொன்னேன். நல்லா எழுதும்மா என்று என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். நாற்பத்தெட்டாவது நிமிஷம் திரை அப்படியே நின்றது. தடதடவென்று இறங்கி ஓடினேன். மஞ்சள் ஒயர் அவர் கையில் இருந்தது.

“மறந்தே பூட்டேம்மா. இன்னொரு தபா எழுதிக்கலாம்ல?”

வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே மறந்துவிட்டார். அதுதான் எரிந்தது. அவர் பிளான்டில் ஒரு ஹெல்பர் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தால் அவருக்கு மறக்குமா? மாடியில் நான் உட்கார்ந்திருப்பது வேலை என்றே அவர் கணக்கில் ஏறவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவர், வீட்டுக்கு என்று வந்ததும் ஒயரைப் பிடுங்குகிறார். அன்றைக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் இனி இந்த வீட்டில் யாரிடமும் போய் நிற்கமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

அதனால்தான் இரண்டாவது, கடைசி வாய்ப்பு வந்தபோது மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாமே என்று ஜெபர்சன் இழுத்தார். சொல்லிக் கெட்டது போதும் என்றேன். பரீட்சை அன்று ஜெபர்சனுக்கு மதிய ஷிப்ட். ஹாலில் உட்கார்ந்து யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான் டேக்கை மாட்டுவதை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி ஊசியில் நூல் கோத்தார். மாமா உள்ரூமில் தலைமை ஆபீஸோடு மாத மீட்டிங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் மேலே போய்க் கதவைத் திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது.

நல்ல கேள்விகள். ஒரு படத்தில் ஏர்பேக்குக்குப் போக வேண்டிய கறுப்பு ஒயரைப் பக்கத்துப் பின்னில் போட்டிருந்தார்கள். படித்துக் கண்டுபிடிக்கவில்லை, மேஜை மேல் என் விரல்கள் பழைய போர்டில் நகர்வது போல நகர்ந்து, அந்த இடத்தில் தாமாகவே நின்றுவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது. இதை ஒன்பது வருஷம் நின்றுகொண்டே செய்தேன், இப்போது உட்கார்ந்து செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே மாமாவின் குரல் உயர்ந்தது. ஹலோ, கேக்குதா சார், ஹலோ. அந்த ஹலோ எனக்கு அத்துப்படி. அடுத்து நாற்காலி நகரும். நகர்ந்தது. அடுத்து செருப்புச் சத்தம். உள்ரூமிலிருந்து டிவி ஸ்டாண்டுக்குப் பதினோரு எட்டு. என்னையறியாமல் எண்ணினேன். பதினொன்றில் சத்தம் நின்றது.

 பிறகு இதை யார் மாட்டியது என்று மாமா கேட்டார். அட்டையில் என் முகமே இருக்கிறது, அதற்கு ஒரு கேள்வி. கையில் என்னடா கத்திரிக்கோலா, கொடு இப்படி என்று அவர் தம்பியிடம் சொன்னதும் என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. என் தலை கதவுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முகம் திரையை நோக்கி இருக்கட்டும் என்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. திரும்பினேன். எழுந்து ஓடினாலும் போச்சு, உட்கார்ந்திருந்தாலும் அவர் வெட்டினால் போச்சு.

வெட்டட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்போது எனக்கு பயமில்லை, கோபம்தான் இருந்தது. வெட்டிவிட்டு, இன்று மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்தக் கையை நீட்டட்டும் பார்க்கலாம்.

அப்போது ஜெபர்சனின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

“அண்ணா. டேக் கீது.”

“டேய், இது இன்னா மெஷினா? வூடுடா.”

“போட்டோ கீது பாரு. ஆள் மேலதான் கீது.”

பன்னிரண்டு வருஷத்தில் என் புருஷன் தன் அண்ணன் மறுத்த பிறகும் விடாமல் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அழக்கூட எனக்கு நேரமில்லை, இன்னும் ஒன்பது படங்கள் பாக்கி இருந்தன. காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். படம் நிற்கவில்லை. அடுத்தது திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. கீழே நாற்காலியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சமர்ப்பித்தேன். முடிவு பத்து நாளில் மெயிலில் வரும் என்றது. முகம் கழுவிக்கொண்டு இறங்கினேன்.

மாமா பிளாஸ்டிக் நாற்காலியை டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஆபீஸ் சட்டை, கீழே லுங்கி. மீட்டிங் முடிந்திருந்தது. இங்கே உட்கார்ந்தால் திக்காமல் வருகிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பீரோவுக்குக் கால் இருந்தால் அதுவே நகர்ந்து வழி விட்டிருக்கும் மாமா என்றேன். ஜெபர்சன் குனிந்துகொண்டார். கத்திரிக்கோலை அவர் இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கையை என் எதிரில் நீட்டினார்.

“அது உயிருக்கு மாட்றது. வெளாட்டுக்கு மாட்டக் கூடாது. தெரியுமில்ல?”

சுருக்கென்றது. அந்தக் கையை வைத்துத்தான் அவரை மடக்கினேன், அது எனக்கும் தெரியும். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“வெளாட்டுக்கு மாட்டல மாமா.”

அவர் லேப்டாப்பை மூடினார். சரி, தம்பி சொன்னான், பரீட்சைதான் முடிந்துவிட்டதே, மாட்டினவர்தான் எடுக்க வேண்டும், எடு என்றார். தம்பியைப் பார்த்து, கத்திரிக்கோலை அவளிடம் கொடு என்றார். ஜெபர்சன் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஸ்டாண்டின் பக்கம் குனிந்தேன். அட்டையில் தொப்பி போட்ட என் முகம். ஐந்து வருஷத்துக்கு முந்தினது. வெட்டினால் நாளைக்கு இது மறுபடியும் வெறும் மஞ்சள் ஒயர். இந்த வேலை கிடைத்தால் தினமும் எட்டு மணி நேரம் மேலே உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி, வேறு பரீட்சை.

நிமிர்ந்தேன். ஜெபர்சனின் சட்டையில், தைத்த பட்டனுக்குக் கீழே, மிச்ச நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நறுக்கினேன். கத்திரிக்கோலைத் தையல் டப்பாவில் போட்டு மூடினேன்.

“ஆள் இன்னும் வெளிய வர்ல மாமா.”

சொல்லிவிட்டுப் படியேறினேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். திருப்பத்தில், ஒயருக்காக நான் போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில், கால் நின்றுவிட்டது. கீழே ஃபேன் காற்றில் அட்டை சுழன்றுகொண்டிருந்தது. மாமா எழுந்து அதன் முன்னால் நின்றார். இடது கை நீண்டது. நான் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்று விரல்களால் அட்டையைப் பிடித்து நிறுத்தினார். எழுத்தும் முகமும் வெளியே தெரிகிற மாதிரி அதைத் திருப்பிவைத்தார்.