நங்கூரத்தின் மறுமுனை

என் வீட்டுக்காரரை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் வாயைக் கிழித்துவிடுவேன். முப்பத்தோரு வருஷமாக எங்கள் வீட்டுச் சட்டம் இது. இந்தத் தடவை கிழித்திருக்க வேண்டியது என் வாயைத்தான்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் விட்ட காற்புள்ளியைத் தேடித் தேடியே கண்ணைக் கெடுத்துக்கொண்டார். நாலு வருஷத்துக்கு முன்னால், சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு இருபத்தாறு அடியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். நான் அதைச் 'சின்ன வீடு' என்றுதான் சொல்வேன். சனிக்கிழமை விடிந்தால் அங்கேதானே ஓடுகிறார்! இருந்தாலும் அந்தச் சின்ன வீட்டுக்குப் புது மெத்தை தைத்துக் கொடுத்ததும் நான்தான். சோபா உறை, நாற்காலி, திரைச்சீலை தைப்பது என் தொழில்.

புது மெத்தை போட்டு முதல் தடவை போனோம். ஒரு சின்ன வளைகுடாவில் இராத்தங்கல் என்று திட்டம். ஐயா படகின் மூக்கில் போய் நின்று, தளபதி மாதிரி நங்கூரத்தை இறக்கினார். சங்கிலி கடகடவென்று ஓடியது. அதன் பின்னால் கயிறு சரசரவென்று ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கயிற்றின் வால் ஒரு துள்ளுத் துள்ளி அதுவும் தண்ணீருக்குள் போய்விட்டது. படகோடு கட்டியிருக்க வேண்டிய மறுமுனை கட்டப்படவே இல்லை. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் கடலுக்கு அடியில். நாங்கள் மட்டும் மேலே. பக்கத்துப் படகில் கை தட்டினார்கள்.

"ஏங்க, அது தானா திரும்பி வந்துடுமா?" என்று கேட்டேன்.

"கட்டினேன்னுதான் நினைச்சேன்" என்றார்.

அடியில் ஒரே சேறு. மறுநாள் ஒருவர் முழுகித் தேடியும் கிடைக்கவில்லை. நான் வீடு வரும்வரை விடவில்லை. "மூக்குக்கண்ணாடியை மறப்பாங்க, குடையை மறப்பாங்க. நங்கூரத்தையே மறந்த ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்." வீட்டுக்கு வந்ததும் தையல் அறையில், படகிலிருந்து கழற்றி வந்த பழைய மெத்தைச் சுருட்டைச் சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேனே, அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பார்த்தால், "அண்ணனா மறந்துட்டாரு?" என்று கேட்டாள். அப்புறம் ஏதோ அடுப்பில் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். இவளுக்கு நகைச்சுவையே கிடையாது என்று எனக்குக் கோபம் வேறு.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் அதிகம் பேசவில்லை. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு முளைத்தது. எதையாவது செய்வார், உடனே எழுதுவார். பிழை திருத்தியே பழகிய கை, சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று படகுச் சாமான் கடைக்குப் புது நங்கூரமும் சங்கிலியும் வாங்கப் போனோம். உள்ளே தாரும் புதுக் கயிறுமாக ஒரு வாசனை. கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள்.

"எத்தனை மீட்டர் ஆழத்துல நிறுத்துவீங்க சார்?"

"அஞ்சு, ஆறு. சங்கிலி ஒரு அஞ்சு மீட்டர் போதும்மா. நங்கூரமும் இருக்கிறதுலயே சின்னது எதுவோ, அதைக் குடுங்க."

"சார், அஞ்சு மீட்டர் சங்கிலி காதுல போட்டுக்கத்தான் ஆகும்" என்றாள் அவள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. "ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு நீளம் விடணும். காத்து அடிச்சா ஏழு மடங்கு. சங்கிலி கனமா தரையோட கிடந்தாத்தான் நங்கூரம் சாய்ஞ்சு மண்ணைப் பிடிக்கும். பாறை உரசினாலும் அறுந்து போகாது. அதுக்கு மேல கயிறு."

"முழுக்கச் சங்கிலியே போட்டா என்ன?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"சின்னப் படகு அக்கா. அத்தனை கனத்தையும் மூக்குல வச்சா மூக்கு தொங்கிடும். தூக்கி இழுக்கிறவங்க இடுப்பும் போயிடும்."

நூல் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுவரில் மாட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பளபளவென்று ஒரு நீலக் கயிறு, தொட்டால் கை எரிந்தது. "அது தண்ணில மிதக்கும், வேணாம்" என்றாள். வெள்ளை நைலான், மூன்று புரி முறுக்கியது. இழுத்தால் கொஞ்சம் கொடுத்து மறுபடி வாங்கிக்கொண்டது. அலை படகை வெட்டி இழுக்கும்போது இந்த இழுவைதான் அதிர்ச்சியைத் தாங்கும் என்றாள். இடுப்புக்கு நாடா போட்டால் அறுக்கும், எலாஸ்டிக் போட்டால் மூச்சு விடலாம். எனக்குப் புரியாதா என்ன?

"ஏங்க, இதுதான் கயிறு. கையில பிடிக்க வாகா விரல் தடிமன்ல பதினாலு மில்லிமீட்டர். நாப்பது மீட்டர் வாங்குங்க" என்றேன்.

"பதினஞ்சு போதும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கடைக்காரம்மா அவரைச் சங்கிலிப் பீப்பாய்களைக் காட்டப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். நோட்டு மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அவருடைய ஒரு கடிதத்தைக்கூட நான் பிரித்ததில்லை. இதையும் ஏதோ படகுக் கணக்கு என்றுதான் திறந்தேன்.

'அடுப்பை அணைத்தேன், 7.10.' 'சாவி இடது பையில்.' 'அவள் பிறந்த நாள் 19. நினைவிருக்கிறது.' அதற்குக் கீழே: 'படகை விற்க வேண்டும். நங்கூரம் இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். சின்னதாக ஒன்று வாங்கிப் போடு.' அதற்கும் கீழே: 'திங்கள் 11 மணி, நரம்பு டாக்டர். அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம்.'

அந்த வரியை மறுபடியும் படித்தேன். என் மாமனார் இப்படித்தான் போனார். அறுபது வயதில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை மறந்தார். கடைசி வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்த இவரைப் பார்த்து, "சார், என் பையன் வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். இவரும், "சொல்றேங்க" என்று அடுத்த கவளத்தைக் கொடுத்தார். இவருக்கு இப்போது ஐம்பத்தொன்பது. நாத்தனார் ஏன் போனை வைத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் புருஷன் தன் அப்பாவை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பாவி!

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நோட்டு என் கையிலேயே இருந்தது. முந்திக்கொண்டு கைப்பைக்குள் போட்டுவிட்டேன். கடைக்காரம்மா ஒரு டப்பாவிலிருந்து சிவப்பாக ஒரு பின்னல் கயிறு எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு கை நீளம் இருக்கும்.

"இது என் கணக்கு சார், சும்மா வச்சுக்கோங்க. பெரிய கயிறோட கடைசி முனையை, படகுக்குள்ள ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதோட இதை வச்சுக் கட்டணும். அவசரம்னா கத்தியால ஒரே வெட்டு வெட்டிட்டுத் தப்பிச்சுடலாம். எல்லாரும் சிவப்புலதான் வாங்குவாங்க, இருட்டுப் பெட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியும்."

"எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சும்மா" என்றார் அவர். "கட்டத்தான் மறந்துட்டேன்."

நான் அந்தக் கயிற்றையே பார்த்தேன். இரண்டு வாரமாக இதே கயிற்றின்மேல்தானே நான் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறேன்! புது மெத்தை போட்ட அன்றைக்கு, பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டப் படகில் கயிறு தேடினேன். மூக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் சிவப்பாக ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் வளையம், ஒரு பக்கம் ஏதோ பெரிய கயிறு. சும்மா கிடக்கிறது என்று அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. யாரிடம் கேட்டேன்?

வாய் இவ்வளவு நீளம் வைத்திருக்கிறேனே, அதாலேயே சொல்லியாக வேண்டும்.

"ஏங்க. நீங்க மறக்கலைங்க."

"எதை?"

"நீங்க கட்டித்தான் வச்சிருந்தீங்க. நான்தான் அவுத்தேன். பழைய மெத்தையைக் கட்ட. வீட்டுல என் தையல் மெஷின் பக்கத்துல இருக்கு, இதே கயிறு. எனக்கு அது எதுக்குன்னு சத்தியமாத் தெரியாதுங்க."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அச்சகத்தில் ஒரு எண்ணைச் சரிபார்ப்பது மாதிரி, ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை முடிச்சு இருந்துச்சு?"

"நாலு. அவுக்கிறதுக்குள்ள என் நகமே பேந்து போச்சு. எந்த மடையன் இப்படிக் கட்டினான்னு திட்டிக்கிட்டே அவுத்தேன்."

"நாலு" என்றார். பக்கத்திலிருந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தார். "நாலுதான் போட்டேன். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நாலு போட்ட மாதிரிதான் ஞாபகம் இருந்துச்சு. அந்த ஞாபகமே பொய்யோன்னு..." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று எனக்குத் தெரியும். கடைக்காரம்மா நல்லவள், அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ எண்ணினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நல்ல நங்கூரமா ஒண்ணு, சங்கிலி எட்டு மில்லிமீட்டர்ல இருபது மீட்டர் போடுங்கம்மா. கயிறு, இவ சொன்ன மாதிரி நாப்பது." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உன் நாத்தனாருக்குப் போன் போடு. நீயே சொல்லு" என்றார்.

"போடறேன், போடறேன். என் மானம் கப்பலேறட்டும்."

"நம்ம படகுலயே ஏத்திக்கலாம். சங்கிலியை விடக் கனம் கம்மிதான்."

எத்தனை நாளாயிற்று அவர் இப்படிப் பேசி! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

சங்கிலியைக் காரில் ஏற்றியதும் கார் பின்பக்கம் தாழ்ந்தது. கிளம்பும்போது அவர் சட்டைப்பையைத் தடவினார். மறுபடி தடவினார். இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினார். "நோட்டு... எங்கேயோ விட்டுட்டேன் போலிருக்கு."

"நீங்க விடலை. எங்கிட்ட இருக்கு" என்று கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சோபா உறை குடுக்கிறதா சொல்லியிருந்தேன். அதைச் செவ்வாய்க்கு மாத்தியாச்சு."

அவர் சாவியைத் திருகவில்லை. நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். 'அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம்' என்ற வரியின்மேல் ஒரு கோடு இழுத்து, அச்சகத்தில் போடுகிற மாதிரியே ஓரத்தில் நீக்கல் குறி போட்டார். அப்புறம்தான் காரை எடுத்தார்.