சுவைக்கு வேர் வைத்தவர்கள்

தன் அக்காவின் கணவரை யாராவது மேதை என்று சொன்னால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். உலகத்தில் இருக்கிற பாஷைகள் போதாதென்று அத்தான் சொந்தமாக ஒரு பாஷை செய்துகொண்டிருந்தார். அதைப் பேச ஆள் கிடையாது, கோபம் வந்தால் திட்ட ஒரு வார்த்தை கிடையாது, இலக்கணம் மட்டும் மூன்று பாகம். ஞாயிறு மதியங்களில் அவருடைய சிநேகிதரான பல் டாக்டரின் கிளினிக்கில் சபை கூடும். அத்தான், பல் டாக்டர், ரேடியோவில் செய்தி வாசித்து ஓய்வுபெற்ற ஒருவர். இந்த மூன்றாமவரை எல்லோரும் 'கணீர்' என்பார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தலைக்கனம்தான். முறை வைத்துச் சுமந்தார்கள்.

அவளோ எசென்ஸ் கம்பெனியில் சுவை பார்ப்பவள். பிஸ்கட்டில் சேர்க்கிற மணமும், இருமல் மருந்தின் கசப்பை மறைக்கிற இனிப்பும் அவள் நாக்கைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். சபை சுவைகளுக்குப் பெயர் வைக்கும் கட்டத்துக்கு வந்தபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"கொஞ்சம் போய் உதவி பண்ணுடி. அவரா வாயைத் திறந்து கேட்க மாட்டார்."

அக்காவுக்காகப் போனாள். முதல் ஞாயிறு நிஜமான கரைசல்களையே கொண்டுபோனாள். சர்க்கரை வியாதி என்று பல் டாக்டர் இனிப்பைத் தள்ளிவைத்தார். கணீர் புளிப்பை முகர்ந்துவிட்டு, வயிற்றுக்கு ஆகாது என்றார். அத்தான் கோப்பையைத் தொடவே இல்லை.

"சுவைங்கிறது ஒரு கருத்தும்மா. யோசிச்சாலே போதும்."

யோசித்தார்கள். இனிப்புக்கு உதடு ஒட்டுகிற ஒலி, கசப்புக்குத் தொண்டை ஒலி என்று விதி போட்டார்கள். "இரும்புக் கரண்டியை நக்கினா ஒரு ருசி வருமே, அதுக்கு?" என்று அவள் கேட்டாள். அதெல்லாம் சில்லறைச் சுவை, அதற்கு வேர்ச்சொல் தர முடியாது என்று அத்தான் கையை வீசினார். ஈயை ஓட்டுகிற மாதிரி இருந்தது அது.

அடுத்த ஞாயிறு அதே கம்பெனி பாட்டில்களில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு போனாள். நோயாளிகள் வாய் கொப்பளிக்கிற காகிதக் கோப்பைகளில் ஊற்றி, ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்தாள்.

"புதுச் சரக்கு அத்தான். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா ரொம்ப நுட்பம். எல்லா நாக்குக்கும் பிடிபடாது."

பிடிபடவில்லை என்று சொல்ல அங்கே யாருக்குத் தைரியம்? பல் டாக்டர் முதல் கோப்பையை உறிஞ்சி, கண்ணை மூடினார். "பின்னாடி லேசா ஒரு கசப்பு வருது." கணீர் இரண்டாவதில் பாசியைக் கண்டுபிடித்தார். அத்தான் ஒவ்வொரு முறையும் மற்ற இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார். அவர்கள் சொன்னதையே ஒரு படி ஏற்றிச் சொன்னார். கோழை என்று அவள் மனதுக்குள் காறித் துப்பினாள். கசப்பான தண்ணீருக்கு 'கொஹ்' என்றும், பாசித் தண்ணீருக்கு 'லிவ்' என்றும் வேர்கள் பிறந்தன. கையைத் தூக்கி ஓட்டெடுத்து, மற்ற நான்குக்கும் பெயர் வைத்து முடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, அத்தானைக் கடைக்குக் கூட்டிப்போக அக்கா வந்தாள். மாடிப்படி ஏறி வந்த களைப்பில் மிச்சமிருந்த ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

"என்ன இது, வெறும் தண்ணியை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம்?"

"உன் நாக்குக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா இரு" என்றார் அத்தான்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கடைசியில் வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று வந்திருந்த தங்கைக்குச் சிரிப்பு வற்றிப்போயிற்று.

"அக்கா சொல்றதுதான் சரி. ஆறுமே தண்ணிதான் அத்தான். நான்தான் காய்ச்சினேன்."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணீருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அத்தான் மட்டும் அசரவில்லை.

"சொல் பிறந்தாச்சு. பொருள் அப்புறம் வரும்" என்றார். அதற்கும் ஓட்டெடுத்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

அத்தானைச் சபையோடு விட்டுவிட்டு அக்கா விறுவிறுவென்று இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் தங்கையின் மேல்தான் பாய்ந்தாள்.

"அவரைப் போய் சோதிச்சுட்டியேடி. போன வருஷம் அந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்து அவருக்கு ருசியே தெரியறதில்ல. வெளியில சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

அவள் நின்றுவிட்டாள். நாக்குக்காகச் சம்பளம் வாங்குகிறவள், அந்த வீட்டில் எத்தனையோ தடவை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள், கவனிக்கவில்லை. தன் மேலேயே கொஞ்சம் அருவருப்பு வந்தது. அத்தான் மேல் இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"ருசி போனதுக்குக் காய்ச்சல் காரணம். சரி. நாலு பேர் முன்னாடி உன் நாக்கை மட்டம் தட்டினாரே, அதுக்கு எந்தக் காய்ச்சல்க்கா காரணம்?"

அக்கா நடையைக் கூட்டினாள். தெருமுனைக்கு வந்ததும், "அது கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இருக்கு" என்றாள்.

"சரி, காரம் கூடாது, புளிப்பு கூடாது, எல்லாம் மிதமா இருக்கணும்னு அவர் சொல்றார். ருசியே தெரியாதவருக்காக இன்னமும் ஏன் அப்படிச் சமைக்கிறே?"

"பழகிப்போச்சு" என்றாள் அக்கா. பிறகு, தான் சொன்னது தனக்கே புதிதாகக் கேட்ட மாதிரி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

சில வாரம் கழித்து அக்கா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முதல் வாயிலேயே அவள் பல் கூசியது. காரத்தில் மூக்கு ஒழுகியது. பிறந்த வீட்டில், கல்யாணத்துக்கு முன்பு, அக்கா ஆசையாகச் சமைக்கிற அதே புளிப்பு, அதே காரம். எதிரே அத்தான், பேச ஆளே இல்லாத அவருடைய பாஷையில் வினைச்சொற்களை எப்படித் திரிப்பது என்று விளக்கிக்கொண்டே வாரி வாரிச் சாப்பிட்டார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

"சமையல் எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டு யாரும் கண்டதில்லை.

"நல்லா மிதமா இருக்கு" என்றார் அத்தான்.

அக்கா எட்டி இன்னொரு கரண்டி குழம்பு எடுத்து, தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள்.