இங்கே வசிப்பவர்கள்

எங்கள் ஊரில் பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரியில் புவியியல் படிக்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகிவிட்டது.

ஊரின் புவியியல் எளிமையானது. வரைபடத்தில் வடக்கே ஒரு மலை. நேரில் போனால் அங்கே ஒரு பெரிய பள்ளம். கல்குவாரிக்காரர்கள் மலையை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏற்ற முடியாத மிச்சம், அங்கே வெடி வைத்த என் அப்பாவின் நெஞ்சுக்குள் தூசியாக இருக்கிறது. தெற்கே ஆறு. மணல் போனதும் துணைக்கு அதுவும் கிளம்பிவிட்டது. கிழக்கே நெடுஞ்சாலை, எங்கள் மீது நிழலை மட்டும் போட்டுவிட்டு மேம்பாலத்தில் தாண்டிப் போகிறது. மேற்கே மேற்கைத் தவிர வேறொன்றும் இல்லை. மக்கள்தொகையைப் பொறுத்தவரை, போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். மீதி நாங்கள்.

இந்த முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலை குறைந்தால் ஊர் ஆஸ்பத்திரியை மூடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அப்பா தினமும் காலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் ஆக்ஸிஜனோடு உட்கார்ந்திருப்பார். பெரிய ஊருக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பாவுக்கு வாசல்படி இறங்கவே நடுவில் ஓய்வு வேண்டும்.

ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. மற்ற இடங்களில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நாங்கள் வெறும் சோற்றைக் காட்டி உள்ளே பூசணிக்காய் இருக்கிறது என்று சத்தியம் செய்வதாக ஏற்பாடு.

"பெரியவனையும் சேத்து நாலு பேருன்னு சொல்லிடு" என்றாள் அம்மா. குவாரி மூடியதும் வேலை தேடிப் போன அண்ணனிடமிருந்து இப்போது போன்கூட வருவதில்லை.

"இல்லாதவனை எப்படிம்மா இருக்கான்னு சொல்றது?"

"கடவுளைச் சொல்றதில்லையா?"

"கடவுளை அவங்க கணக்குல எழுத மாட்டாங்கம்மா."

"உன் படிப்பைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்றாள்.

கணக்கெடுக்க வந்தவர் வெளியூர் டீச்சர். கதவுகளில் வீட்டு எண்கள் உரிந்து போயிருந்ததால் வழிகாட்ட என்னைக் கூட்டிக்கொண்டார். என் வீட்டுக்கு முந்தைய வீடு தையல்காரருடையது. தனி ஆள். மெஷினை மிதித்தபடியே, மகன், மருமகள், பேரன் மூவரும் உள்ளறையில் தூங்குவதாகச் சொன்னார். சொன்னது போதாதென்று மூடிய கதவைப் பார்த்து, "டேய், குழந்தை மேல கால் போடாதடா, தள்ளிப் படு" என்று அதட்டினார். திட்டுவதற்கு ஆள் கிடைத்து வெகுநாள் ஆனவர்போல அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமா, கதவுல பூட்டு தொங்குது" என்றேன்.

மெஷின் நின்றது. டீச்சர் எழுதியதை அடித்தார். அவர் படியிறங்கிய பிறகு தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கென்னடா, நான் கல்லுமாதிரி இருக்கேன். அந்த மூணு பேரும் உங்க அப்பனுக்காகத்தான் உள்ள தூங்கினாங்க."

எங்கள் வீட்டில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் உண்மை பேசும் பட்டத்தை வைத்திருந்தவர் அவர்தான். பொய்க்கு விவரம் அதிகம் வேண்டும். அவ்வளவு மூச்சு அவரிடம் கிடையாது.

"வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை உயர்த்திவிட்டார். "நான்... இவ... இந்தப் பையன். பெரியவன் இங்க..."

அவ்வளவுதான் வந்தது. மீதி வார்த்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டது. தோள்கள் ஏறி இறங்கின, உள்ளே விசில்போல ஒரு சத்தம். கொஞ்சம் பொறுங்கள், சொல்லிவிடுகிறேன் என்பதுபோல விரலைக் காட்டினார். அம்மா அவர் முதுகை நீவினாள். டீச்சர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம். அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"இங்கதான் இருக்கான்" என்றேன். "குளிக்கிறான்."

டீச்சர் தலையைத் திருப்பிக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். "சத்தமே இல்லையேப்பா?"

"சோப்பு போடுறான் போல."

அப்பா என்னைப் பார்த்தார். பேச முடியாததால் பார்ப்பதை மட்டும் செய்தார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். குளியலறைக்குள் நுழைந்து, குழாயை முழுதாகத் திறந்து வாளியை அடியில் தள்ளிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தகரக் கதவு. தட்டினால் ஊருக்கே கேட்கும். மெதுவாகத்தான் தட்டினேன்.

"அண்ணா, சீக்கிரம் வாடா. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ல."

உள்ளே வாளி நிரம்பி வழியத் தொடங்கியது. கதவுக்கடியில் தண்ணீர் ஊர்ந்து வந்து என் பாதங்களைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குள் போனது. நான் மறுபடியும் தட்டினேன்.