அறுபத்து நான்கு பேரின் இரண்டாம் பட்டியல்

அந்த மழைக்காலம் முழுவதும் ராஜஸ்ரீ நாற்பத்தொரு நாடுகளைக் காதில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போய்வந்தாள்.

கழக்கூட்டம் என்னும் மலையாள ஊரில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் அவள் புள்ளிவிவரம் பார்ப்பவள். வயது நாற்பத்திரண்டு. கரமனை அக்ரகாரத்தில் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். உலகின் தலைசிறந்த ஐந்நூறு ஆல்பங்களைப் பட்டியல் போடுவதற்காக வெளிநாட்டு இணையதளம் ஒன்று நாற்பத்தொரு நாட்டு ரசிகர்களிடம் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதி வாங்கியிருந்தது. அந்த ஓட்டுகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு நாட்டாருக்கும் தன் நாட்டுப் பாசம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்குக் கழிக்கவும் வேண்டும். அதுதான் அவளுக்கு வந்த வேலை.

பாசம் எல்லோரிடமும் இருந்தது. ஒரு பின்லாந்து ஆல்பத்துக்கு மற்றவர்கள் ஓர் ஓட்டுப் போட்டால் பின்லாந்துக்காரர்கள் ஒன்பது போட்டிருந்தார்கள். போர்ச்சுகல், ஜப்பான், பிரேசில் எதுவும் விலக்கில்லை. பகலெல்லாம் எண்களாகப் பார்த்தவற்றை ராஜஸ்ரீ வீடு திரும்பும் வழியில் பாட்டாகக் கேட்கத் தொடங்கினாள். ஸ்ரீகார்யம் சிக்னலில் பேருந்து நிற்கும்போது போர்ச்சுகல் பெண்ணொருத்தி யாரையோ வழியனுப்பிக்கொண்டிருப்பாள். உள்ளூர் என்னும் இடத்தின் இறக்கத்தில் குடைகள் ஓசையில்லாமல் மிதந்து போகும். பட்டம் நிறுத்தத்தில் யாரோ ஒரே தந்தியை மீட்ட மீட்ட, ஜன்னல் கண்ணாடியில் வழிந்த மழை மெல்லப் பனியாக உறைவதுபோல் இருக்கும். கண்டக்டர் வாயசைப்பார், அவள் சில்லறையை நீட்டுவாள். தம்பானூர் வந்தபிறகும் எந்த ஊரில் இறங்குகிறோம் என்று ஒரு கணம் தெரியாது.

இந்தியா மட்டும் கணக்கில் உட்காரவில்லை.

"இந்தியாவுக்கு என்ன பத்திச்சு ராஜஸ்ரீ?" என்று கேட்டார் உமாசங்கர். அலுவலகம் அவருடையது, சாலைக் கடைத்தெருவில் ஜவுளி விற்ற குடும்பம். பேச்சில் பாதி மலையாளம்.

"நம்மவா அறுபத்தி நாலு பேர் ஓட்டுப் போட்டிருக்கா சார். ஆளுக்குப் பத்து, மொத்தம் அறுநூத்தி நாப்பது ஆல்பம். அதிலே இந்திய ஆல்பம் பதினொண்ணுதான். மிச்சம் பூரா இங்கிலாந்தும் அமெரிக்காவும்."

"அப்படி வராதே. எங்கேயோ டேட்டா தப்பாயிருக்கு கேட்டோ. நாலு பேரை போன்ல விளிச்சு நோக்கும்மா."

ராஜஸ்ரீ பக்கத்து ஊர் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். வித்துரா, எலிசாள் என்று இருந்தது. எடுத்ததும் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

"ப்ளவுஸ் வியாழக்கிழமதான் ஆவும்."

"ப்ளவுஸுக்கு இல்லீங்க. நீங்க ஒரு ஆல்பம் ஓட்டெடுப்பிலே பத்துப் பேரு எழுதிக் குடுத்திருந்தேளே, அதைப் பத்தி."

மிஷின் நின்றது. போனக்காடு எஸ்டேட்டில் வளர்ந்தவள் எலிசாள். இப்போது வித்துரா சந்திப்பில் தையல் கடை. தைக்கும்போது கேட்கிற ஆல்பங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறாள். அதைப் படிக்கப் பல ஊர்களில் ஆள் இருந்ததால்தான் அவளுக்கு ஓட்டுக் கிடைத்திருந்தது.

"பத்தும் இங்கிலீஷா இருக்கே, எல்லாம் கேட்டிருக்கேளா?"

"ஏழு கேட்டிருக்கேன். மூணு கேக்கல."

"கேக்காமலா எழுதினேள்?"

"தலைசிறந்தது எதுன்னுல்லா கேட்டிய? அதுக்கு ஒரு விடை உண்டும், பரீட்சையில மாதிரி. எல்லா லிஸ்ட்லயும் இருக்கத எழுதிட்டேன். எனக்கு எது உசிருன்னு யாரும் கேக்கலியே."

"அதையே எழுதியிருக்கலாமே?"

"எப்படிங்க எழுத? நம்ம சினிமாப் பாட்டு அட்டையில ஹீரோ துப்பாக்கியும் கையுமா நிப்பான். அத கொண்டுபோய் அவுங்க ஆல்பத்துக்குப் பக்கத்துல வச்சா, வெக்கமா இருக்காது?"

ராஜஸ்ரீ போனை வைத்தாள். வேலை தொடங்கிய நாளில், படிவம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க அவளும் பத்துப் பெயர் நிரப்பியிருந்தாள். சோதனைக்காக எழுதியது, யார் கண்ணிலும் படப்போவதில்லை. இப்போது திறந்து பார்த்தாள். பத்தும் அந்நிய நாட்டுப் பெயர்கள். நாலு ஆல்பங்களை அவள் கேட்டதே கிடையாது. ஆளில்லாத வீட்டிலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் உமாசங்கரைக் கேட்காமலே அறுபத்து நான்கு பேருக்கும் எழுதினாள். 'வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். மழை பெய்கிறது. யாரும் வரப்போவதில்லை. எதைப் போட்டுக் கேட்பீர்கள்? பத்து சொல்லுங்கள்.'

மறுநாளிலிருந்து பதில்கள் சொட்டுச் சொட்டாக வந்தன. கௌஹாத்திக்காரர் ஒருவர், ஆற்றைக் கடக்கும் படகில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டுகளை எழுதியிருந்தார். நாக்பூர்ப் பெண்ணொருத்தி, அண்ணன் கல்யாணத்தில் ஒலித்த ஆல்பம் என்று ஒரே பெயரை எழுதிவிட்டு, மற்ற ஒன்பதை அடுத்த வாரம் அனுப்பினாள். ராஜஸ்ரீ அவற்றையும் பேருந்தில் கேட்டாள். கேசவதாசபுரம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருக்க, அதன்மேல் விளக்கு வைத்த படகுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒருநாள் இறங்க மறந்து, நேமம் வரை போய்த் திரும்பினாள்.

ஐம்பத்திரண்டு பேர் பதில் தந்தார்கள். ஐந்நூற்றிருபது பெயர்களில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று இந்திய ஆல்பங்கள். நாற்பத்தொரு நாடுகளிலும் பாசத்தில் இப்போது இந்தியாதான் முதலில் நின்றது.

உமாசங்கர் தாளைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

"அனுப்பிப் பாரும்மா. ஆனா எடுக்க மாட்டாங்க."

"தெரியும் சார். கேள்வியே வேறயாச்சே."

"அது போட்டும். என்னோட பத்தையும் எழுதிக்கிடும்," என்றவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஏழாவதைச் சொல்லும்போது இரண்டு வரி பாடிவிட்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு கேள்விகளின் விடைகளைச் சேர்த்து எண்ண முடியாது என்று இணையதளத்திலிருந்து பணிவாகப் பதில் வந்தது. அதில் நியாயம் இருப்பது ராஜஸ்ரீக்கும் தெரியும். அக்டோபரில் பட்டியல் வெளியானபோது இந்தியாவுக்கு ஒரே ஓர் இடம், நானூற்று அறுபத்து மூன்றாவது. அவள் கையில் இரண்டாம் பட்டியல் மட்டும் மிஞ்சியது. எழுதியவர்களிடம் சம்மதம் வாங்கி, அதை எல்லோருக்கும் அனுப்பி வைத்தாள்.

இரண்டே நாளில் சண்டை மூண்டது. வங்காளிகள் வங்காளத்துக்கே போட்டிருக்கிறார்கள் என்றார் ஒருவர். கொச்சிக்காரர் ஒருவர், தமிழர்களின் பாசத்தைத் தனியாகக் கணக்கிட்டு அனுப்பினார். "மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவளுக்கு வீட்டில் தமிழ், படித்தது மலையாளத்தில், மனக்கணக்குப் போடுவதும் மலையாளத்தில்.

பதில் தராத பன்னிரண்டு பேரில் எலிசாளும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை ராஜஸ்ரீ நெடுமங்காடு வழியாக வித்துராவுக்குப் பஸ் ஏறினாள். கடையில் எலிசாள் கழுத்தில் அளவு டேப்போடு நின்றிருந்தாள். ஏறத்தாழ ராஜஸ்ரீயின் வயதுதான்.

"நான்தான் ராஜஸ்ரீ. போன்லே பேசினேனே. நீங்க மட்டும் ஏன் எழுதலை?"

"எழுதினேன், பத்துல நிக்கல. பதினேழு ஆயிட்டு. எத வெட்ட? மனசு வரல." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தமிழும் மலையாளமும் மாறிமாறி இருந்தன. நடுவே மூன்று இங்கிலீஷ்.

"இந்த மூணும்?"

"அது நிசமாவே உசிருதான்," என்றாள் எலிசாள். "இருங்க, இருந்து கேளுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முதல் ஆல்பம் தொடங்கியது. பொன்முடி மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கிவந்து எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை அழித்தது, பிறகு சாலையை, பிறகு வாசல்படியை. இரண்டாவது ஆல்பத்தின் நடுவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்கோ போயிற்று.

"உங்க பஸ்ஸாக்கும்," என்றாள் எலிசாள்.

"போகட்டும்," என்றாள் ராஜஸ்ரீ. "இன்னும் பதினஞ்சு இருக்கே."