மெத்தைக் கடையில் ஏழு நாள் சத்தியம்

மெத்தைக் கடையின் மூத்த விற்பனையாளரைப் 'பஞ்சு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேச்சு அவ்வளவு மெத்தென்று இருக்கும். கடையில் பதினோரு வகை மெத்தை. எதன்மேல் யார் கை வைத்தாலும், "வீட்ல நானே இதுலதான் சார் படுக்கிறேன்" என்பார். இப்படிப் பதினோரு மெத்தையிலும் படுத்த மனிதருக்கு ராத்திரித் தூக்கம் மட்டும் பிடிகொடுக்காது.

ஊழியர்களுக்கு மனம் தெளிந்தால் வியாபாரம் பெருகும் என்று யாரோ முதலாளி காதில் போட, கடை திறக்கும் முன் மாடியில் யோகா வகுப்பு ஆரம்பமானது. மூன்று வாரம் குனிந்து நிமிர்ந்தார்கள். நான்காவது வாரம் டீச்சரம்மா சொன்னார்:

"உடம்ப வளைக்கிறது மட்டும் யோகா இல்ல. அதுக்கு முன்னாடியே அகிம்சை, சத்தியம்னு படி இருக்கு. இந்த ஏழு நாளும் பொய் சொல்லாம இருந்து பாருங்க."

முதலாளி பலமாகத் தலையாட்டினார். லீவுக்காக இனி யாருக்கும் திடீர்க் காய்ச்சல் வராது என்பது அவர் எண்ணம்.

பஞ்சு எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அன்றைக்கே ஒரு கணவனும் மனைவியும் வந்து, இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள்.

"இது முதுகுவலிக்கு நல்லதா?" என்றார் கணவர்.

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. பஞ்சு அதை விழுங்கிவிட்டார். "முதுகுவலிக்கு டாக்டரப் பாருங்க சார். இது ரெண்டு வருஷத்துல நடுவுல குழி விழும்."

"நீங்க எதுல படுக்கிறீங்க?"

"பாய்லதாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். முதலாளி பஞ்சுவைத் தனியே அழைத்தார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"டீச்சர் உண்மைதான் பேசணும்னாங்க முதலாளி."

"பேசு, வேணாங்கல. கடையில பேசச் சொன்னாங்களா?"

மறுநாள் முதலாளி டீச்சரையே பிடித்தார். கடையில் நடக்கும் தள்ளுபடி விற்பனை முடிந்தபிறகு சத்தியத்தை வைத்துக்கொள்ளலாமா, வேறு என்ன பாடம் இருக்கிறது என்று விசாரித்தார்.

"அபரிக்கிரகம். தேவைக்கு மேல சேத்து வெச்சுக்காம இருக்கிறது."

"யாரு?"

"எல்லாரும்தான்."

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "மூச்சுப் பயிற்சி நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். அதோட நிறுத்திக்கலாம்."

பஞ்சு நிறுத்தவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "உப்பு கம்மி" என்றார். மனைவி முறைத்தாள். ஆனால் தலை சாய்த்ததும் அவர் குறட்டை விட்டதைக் கேட்டு அசந்துபோனாள். யாரிடம் என்ன அளந்தோம் என்று நினைவு வைத்துக்கொள்ளும் வேலை அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

ஐந்தாம் நாள் அதே தம்பதி திரும்பி வந்தார்கள். "அந்தப் பாய்க்காரர் எங்க? அவர் சொல்றத வாங்கிக்கிறோம்" என்றாள் மனைவி. பஞ்சு காட்டிய நடுத்தர மெத்தையை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். மைத்துனர் வீட்டுக்கும் சேர்த்து இரண்டு.

முதலாளிக்கு ஞானம் பிறந்தது. 'இங்கே உண்மை மட்டுமே பேசப்படும்' என்று வாசலில் பலகை ஏறியது. "இனிமே எல்லாரும் பாய்லதான் படுக்கிறேன்னு சொல்லணும்" என்று உத்தரவும் வந்தது. மெத்தையில் புரளுகிறவர்களெல்லாம் கண் இமைக்காமல் சொன்னார்கள்.

சந்தேகப்பட்ட ஓர் அம்மாள் பஞ்சுவிடம் வந்தாள். "ஏம்பா, ஒருத்தர்கூடவா இங்க மெத்தையில படுக்கல?"

"நான் பாய்லதாம்மா. மத்தவங்க, முதலாளி சொல்லச் சொன்னதச் சொல்றாங்க."

அடுத்த திங்கட்கிழமையே பஞ்சுவைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

"சம்பளம் குறையுமா?" என்றாள் மனைவி.

"குறையாது."

"அப்ப நிம்மதியாப் போங்க."

டீச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் கிடங்குக்கே வந்தார். தகரக் கூரையின் கீழ் பஞ்சு மெத்தைக் கட்டுகளை லாரிக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு. கஷ்டமா இருக்கா?"

பஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"மதியம் கொஞ்சம் வெக்கையா இருக்கு மேடம். வேற ஒண்ணுமில்ல."

லாரிக்காரர் குரல் கொடுத்தார். பஞ்சு அடுத்த கட்டைத் தோளில் ஏற்றினார்.